பல்லி குடியேறும் முதல் மாதம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பை வாசித்ததும் பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நியாயம்தான். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டுகிற ஜீவனைக் காசு கொடுத்து வாங்கி வளர்ப்பதாவது! ஆனால் நம் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் பிள்ளைகள் செல்போனில் படம் பார்த்துவிட்டு, மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட பல்லிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அந்த வீட்டுப் பெற்றோர் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

பயப்படுகிறவர்களுக்கு முதலில். நம் சுவரில் ஓடுகிற பல்லிக்கு விஷம் கிடையாது. பிள்ளைகள் கேட்கிற பல்லிக்கும் கிடையாது. பல்லிகளின் எச்சத்தில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அதனால் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பெட்டியையோ கிண்ணத்தையோ அடுக்களைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடு, உடம்புக்கு முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் பல்லி வேண்டாம் என்பேன். பயப்பட வேண்டியது இவ்வளவுக்குத்தான்.

நமக்கும் பல்லிக்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. பல்லி சொல்வதை நிமித்தமாகக் காது கொடுத்துக் கேட்ட பெண்கள் சங்கப் பாடல்களிலேயே வருகிறார்கள். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கு இன்றைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடாமல் திரும்புவதில்லை. நம் விருதுநகர் மாவட்டமே பல்லிக்குப் பேர்போன மாவட்டம் ஆகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் கண்டறிந்த இரண்டு புதிய பல்லி இனங்களை 2024-ல் அறிவித்தார்கள். ஒன்றுக்குச் சதுரகிரியின் பெயர். இன்னொன்றுக்கு ஓவியர் வான்கோவின் பெயர், அதன் முதுகு நிறம் அவர் வரைந்த நட்சத்திர இரவுப் படத்தை நினைவூட்டியதாம். சதுரகிரிக்கு மலையேறுகிற நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் அதைப் பாறையில் பார்த்துவிட்டு, பல்லிதானே என்று தாண்டிப் போயிருப்பார்கள்.

பார்க்கலாம், ரசிக்கலாம். பிடித்துக்கொண்டு வரக் கூடாது. காட்டில் இருப்பதை மட்டுமல்ல, நம் வீட்டுச் சுவரில் இருப்பதையும் பிடித்து டப்பாவில் போடாதீர்கள். அது நம் வீட்டில் ஏற்கெனவே நன்றாகக் குடியேறிவிட்ட பல்லி.

பிள்ளைகள் கேட்கிற இனத்துக்கு லெப்பர்ட் கெக்கோ என்று பெயர். சிறுத்தைப் பல்லி என்று வைத்துக்கொள்வோம். சுவர்ப் பல்லிக்கும் இதற்கும் சில பெரிய வித்தியாசங்கள். இதற்குக் கண்ணிமை உண்டு, மூடித் திறக்கும். சுவர்ப் பல்லிக்கு அது இல்லை, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதன் விரலில் ஒட்டும் பட்டைகள் இல்லை. ஆகவே கண்ணாடியில் ஏறாது, சுவரில் ஏறாது, ஜன்னல் வழியாக உங்கள் வீட்டுக்கு வந்துவிடாது. தரையில் நடக்கிற பிராணி. வளர்ந்தால் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடமும் அதற்கு மேலும் இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் பல்லி உங்கள் வீட்டில்தான் இருக்கும். புழு வைக்கிற வேலை அம்மாவிடம் வந்து சேரும். முடிவெடுக்கும்போது அம்மாவைக் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் காகிதம். இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் அழுத்தமாகச் சொல்கிறேன். 1972-ம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருந்தால் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, பதிவு பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில். சிறுத்தைப் பல்லியில் கூடுதலாக ஒரு சிக்கல். கடைக்காரர் "இது ஃபாரின் பிராணி சார், ஒன்றும் ஆகாது" என்பார். அதன் சொந்த ஊர் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மட்டுமல்ல, இந்தியாவின் வடமேற்குப் பகுதியும்தான். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பல்லிகளும் நம் நாட்டுக் காடுகளில் வாழ்கின்றன. அதனால் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். இனத்தின் அறிவியல் பெயரை எழுதி வனத்துறை அலுவலகத்தில் கொடுத்து, வைத்துக்கொள்ளலாமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் "கூடாது" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். "சரி" என்றால், பண்ணையில் பிறந்தது என்பதற்கான ரசீதோடு வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், மலேசியாவிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியைத் திறந்தபோது 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன. செய்தியில் எல்லாரும் பாம்புகளைப் பற்றித்தான் பேசினார்கள். நான் அந்த இரண்டு பல்லிகளை நினைத்தேன். மாட்டிக்கொண்டதால் அவை தெரிந்தன. மாட்டாமல் வந்ததைத்தான் யாரோ ஒருவர் "நல்ல ரேட்" என்று உங்களிடம் நீட்டுவார். அப்படி வந்து சேர்கிற பல்லி பாதி உயிரோடுதான் உங்கள் வாசலுக்கு வரும்.

சரி, கேட்க வேண்டியவர்களைக் கேட்டாயிற்று, காகிதம் கையில் இருக்கிறது. பல்லி வருவதற்கு ஒரு வாரம் முன்பே வீடு தயாராக வேண்டும். பல்லியையும் பெட்டியையும் ஒரே நாளில் வாங்கி வந்து, பல்லி டப்பாவுக்குள் காத்திருக்க நாம் ஹாலில் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

பெட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் நல்லது. நீளம் எதற்கு என்றால், ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பல்லியின் உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. நாம் சாப்பிட்டதும் சோறு செரிக்கிறது. பல்லி சாப்பிட்டுவிட்டு வெதுவெதுப்பான இடத்தில் வயிற்றை வைத்துப் படுத்தால்தான் செரிக்கும். சூடு கூடிவிட்டால் எழுந்து குளிர்ந்த பக்கம் போகும். நாள் முழுக்க அது செய்கிற வேலையே இதுதான். சூடான பக்கத்துத் தரை 32 டிகிரி செல்சியஸ் வாக்கில், குளிர்ந்த பக்கம் 25 வாக்கில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிஜிட்டல் வெப்பமானி வையுங்கள். கையை வைத்துப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது வேலைக்கு ஆகாது. சூட்டுக்கு ஹீட் மேட் போட்டால் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள், வயிறு வெந்துவிடும்.

ஒளிந்துகொள்ள மூன்று இடம் வேண்டும். சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று, நடுவில் ஈரமாக ஒன்று. கடையில் பிளாஸ்டிக் குகை விற்கிறார்கள், விலையைக் கேட்டால் நமக்குத்தான் ஒளிந்துகொள்ளத் தோன்றும். விளிம்பு உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள், போதும். உடைந்த முனையை மட்டும் கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். ஈர இடத்துக்கு ஒரு மூடி போட்ட டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளைப் போடுங்கள். பல்லி தோலுரிக்கும்போது அங்கே போய்ப் படுக்கும். ஈரம் இல்லாவிட்டால் தோல் முழுதாகக் கழலாமல் விரல் நுனியில் மோதிரம் மாதிரி இறுகிக்கொள்ளும், ரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடும். தரையில் மணல் போடாதீர்கள். புழுவோடு மணலையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். முதல் மாதம் டிஷ்யூ பேப்பர்தான் நல்லது, எச்சம் போட்டிருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். பல்லி வந்த நாளிலிருந்து பதினான்கு நாள், கை வைக்கக் கூடாது.

தண்ணீர் மாற்றலாம். எச்சத்தை எடுக்கலாம். சாப்பாடு வைக்கலாம். அவ்வளவுதான். தூக்கக் கூடாது, தடவக் கூடாது, சட்டியைத் தூக்கி "உள்ளே இருக்கா" என்று பார்க்கக் கூடாது, பக்கத்து வீட்டு நண்பனைக் கூட்டி வந்து காட்டக் கூடாது, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. சுவர்ப் பல்லியை நினைத்துப் பாருங்கள். நாம் பக்கத்தில் போனால் ட்யூப்லைட் பட்டிக்குப் பின்னால் ஓடிவிடுகிறது. பெட்டிக்குள் இருப்பதற்கு ஓட இடமில்லை. இருக்கிற ஒரே புகலிடம் அந்த மண்சட்டி. அதையும் தூக்கிவிட்டால் எங்கே போகும்? மேலேயிருந்து இறங்கி வருகிற கை அதற்குக் கழுகு மாதிரி. பயம் எல்லை மீறினால் வாலைக் கழற்றிவிடும். வால் மறுபடி முளைக்கும், ஆனால் பழைய அழகு வராது, உருண்டையாக முளைக்கும். அழகு போனால் போகட்டும். கொழுப்பைச் சேமித்து வைக்கிற இடமே அந்த வால்தான். புது இடத்துக்கு வந்த பல்லி வாலை இழப்பது, புது ஊருக்குக் குடிபோன அன்றைக்கே சேமிப்பெல்லாம் களவு போன மாதிரி.

முதல் வாரம் சாப்பிடாமல் இருக்கும். பெரும்பாலும் அப்படித்தான். பத்து நாள்கூட ஆகலாம். "ஐயோ பாவம், பட்டினி கிடக்கிறது" என்று வாயைத் திறந்து ஊட்டப் போகாதீர்கள். வால் தடிமனாக இருக்கிறதா பாருங்கள். தடிமனாக இருக்கிறவரை வளர்ந்த பல்லிக்கு இருப்பு இருக்கிறது என்று பொருள். குட்டிக்கு அவ்வளவு இருப்பு கிடையாது, ஆகவே குட்டி ஒரு வாரம் தாண்டியும் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு வாரம் கழிந்ததும், சமையலறைத் தராசு மாதிரி கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்றை இதற்கென்று தனியாக வாங்கி, வாரம் ஒருமுறை ஒரு டப்பாவோடு வைத்து எடை எழுதி வையுங்கள். சாப்பிடுகிறதா இல்லையா என்று வீட்டில் நடக்கிற வாக்குவாதத்தை அந்த நோட்டு தீர்த்துவிடும். எடை தொடர்ந்து இறங்கினால், வால் மெலிந்தால், எச்சம் தண்ணீராகப் போனால் காத்திருக்காதீர்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும் ஊர்வன பார்க்கிற மருத்துவர் இருக்கிறாரா என்று முன்னாலேயே போனில் கேட்டு வையுங்கள். ஆடு மாடு பார்க்கிற எல்லாருக்கும் பல்லி பழக்கமிருக்காது.

சாப்பாடு உயிருள்ள பூச்சிதான். சோறு, பழம், கீரை எதுவும் தின்னாது. சில்வண்டு, மாவுப்புழு என்று வளர்த்து விற்பவர்களிடம் வாங்குங்கள். அதன் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். பூச்சி மேல் கால்சியம் பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டும், அதில் வைட்டமின் டி3-யும் தேவை, அளவை மருத்துவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் எலும்பு ரப்பர் மாதிரி வளைந்துவிடும். மொட்டை மாடி விளக்கில் மழைக்காலத்தில் ஈசல் கொட்டுகிறதே, அள்ளிப் போடலாமே என்று ஒரு தாத்தா கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் மல்லாங்கிணறைச் சுற்றி வயற்காடு. பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற மருந்து எந்தப் பூச்சியின் மேல் பட்டிருக்கும் என்று நமக்குத் தெரியாது. வெளிப்பூச்சி வேண்டாம். சுவர்ப் பல்லி அந்த ஈசலைத் தின்னட்டும், அது தானாகத் தேர்ந்து தின்கிறது.

புத்தகத்திலும் வீடியோவிலும் சூடு கொடுப்பது எப்படி என்றுதான் சொல்லித் தருவார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. நம் ஊரில் தலைகீழ். ஏப்ரல், மே மாதங்களில், அதுவும் கத்திரி வெயிலில், மேல் மாடி வீட்டில் பகலில் அறையே 36 டிகிரி இருக்கும். பெட்டியின் இரண்டு முனையும் சூடாகிவிட்டால் பல்லிக்குப் போக்கிடம் இல்லை. அந்த மாதங்களில் ஹீட் மேட்டை எடுத்துவிடுங்கள். வீட்டிலேயே குளுமையான அறைக்கு, மேற்குச் சுவரை ஒட்டாத இடத்துக்குப் பெட்டியை மாற்றுங்கள். தரையில் வைப்பது நல்லது, சூடு மேலேதான் தேங்கும். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றி, குளிர்ந்த முனைக்கு வெளியே சாய்த்து வையுங்கள். கரண்ட் போகிற மதியங்களுக்கு இது கை கொடுக்கும். பால்கனியில் "காற்றாட" வைக்கவே கூடாது. கண்ணாடிப் பெட்டி வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் அடுப்புதான்.

அடுத்தது தீபாவளி. பட்டாசு வெடிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சிவகாசியும் சாத்தூரும் கூப்பிடு தூரத்தில் இருக்க, சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீட்டு உலை அந்தத் தொழிலில்தான் கொதிக்க, அப்படிப் பேசுவது எனக்கு அழகில்லை. உச்ச நீதிமன்றம் 2018-ல் இரண்டு மணி நேரம் என்று சொன்னதிலிருந்து நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று தீபாவளிக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். பல்லிக்காரர்களுக்கு இந்த நேரக் குறிப்பு வரப்பிரசாதம், முன்கூட்டியே தயாராகலாம். பல்லி காற்றில் வருகிற சத்தத்தையும் கேட்கும், தரை வழியாக வருகிற அதிர்வையும் உணரும். ஆகவே பெட்டியைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து உள் அறைக்குக் கொண்டு போங்கள். அடியில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போடுங்கள். மூன்று பக்கம் தடித்த துணி, காற்றுப் போகிற வழியை மட்டும் மறைக்காதீர்கள். புகை வராமல் ஜன்னலைச் சாத்துங்கள். இதையெல்லாம் முந்தின நாளே செய்துவிடுங்கள். வெடிக்கிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வெடிச் சத்தத்தைவிட மோசம். அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடாவிட்டால் கவலை வேண்டாம். எல்லாவற்றையும்விட நல்லது, தீபாவளியை ஒட்டிய மாதத்தில் புதுப் பல்லியைக் குடிவைக்காமல் இருப்பது. கார்த்திகை கழியட்டும், தை பிறந்ததும் கொண்டு வாருங்கள். வெயிலும் இருக்காது, வெடியும் குறைந்திருக்கும், கோடைக்குள் பல்லிக்கு வீடு பழகிவிடும்.

அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். படிக்கட்டிலும் வடிகாலிலும் பூச்சி மருந்து அடிக்கிற தேதியை இரண்டு நாள் முன்பே அறிவிப்புப் பலகையில் போடச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பல்லிக்காக மட்டுமல்ல, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் உதவும். பல்லி வைத்திருக்கும் வீட்டில் அந்த அறையில் கொசுவத்தி, லிக்விட் மெஷின், சாம்பிராணிப் புகை, அலமாரியில் பாச்சா உருண்டை எதுவும் வேண்டாம். பூஜை அறைக்குப் பக்கத்தில் பெட்டி வைக்காதீர்கள், தங்கப் பல்லியாகவே இருந்தாலும் புகை ஆகாது.

வைத்துக்கொள்ள முடியவில்லை என்று ஒரு நாள் தோன்றினால், ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். பெட்டியில் பிறந்து வளர்ந்ததற்கு அங்கே பிழைக்கத் தெரியாது, வெளியூர்ப் பிராணியை நம் கண்மாயில் விடுவதும் தவறு. வனத்துறையிடமே போய்ச் சொல்லுங்கள்.

குடியேறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அந்தி நேரத்தில் விளக்கை மங்கலாக வைத்துவிட்டு, நாலடி தள்ளி உட்காருங்கள். நம்மைப் போல அது பகலில் நடமாடாது. சட்டியிலிருந்து தலை நீட்டும், நாக்கை நீட்டித் தரையை நக்கிப் பார்க்கும். முதல் நாட்களில் நம் நிழல் ஆடினாலே உள்ளே போய்விடும். பிறகு ஒரு நாள் நீங்கள் இருப்பது தெரிந்தும் வெளியே வந்து, பெட்டியின் ஒரே மூலையில் எச்சம் போட்டுவிட்டு, சூடான பக்கம் போய் வயிற்றைத் தரையில் பரப்பிப் படுக்கும். பெரும்பாலும் ஒரே மூலையைத்தான் கழிப்பறையாக வைத்துக்கொள்ளும், அவ்வளவு சுத்தம். அந்த நாள் வந்த பிறகு, கையைப் பெட்டிக்குள் தரையோடு தரையாக வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். ஏறினால் ஏறட்டும், ஏறாவிட்டால் மறுநாள் பார்க்கலாம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். டீ வருகிறது.